சாய்தளம் வைத்த பஸ் வந்தாச்சு, இன்னும் என்ன குறை?

ஒரு வாசகர் கேட்டது, ஜூலை 5, 2025

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எல்லாம் தாழ்தளம், வீல்சேர் ஏற சாய்தளம் உண்டு. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. ரயிலில் தனிப் பெட்டி, கட்டணச் சலுகை. விமான நிலையத்தில் இலவச வீல்சேர். வெள்ளை போர்டு வைத்த சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. இத்தனைக்குப் பிறகும் மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்றால், குறை சொல்வது பழக்கமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஜூலை 5, இரவு

நீங்கள் அடுக்கிய அத்தனையும் உண்மை. எல்லாவற்றையும் நான் பயன்படுத்தியும் இருக்கிறேன். இரண்டு கால்களும் இளம்பிள்ளைவாதத்தில் போனவை. முன்பு கேலிப்பரும் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஊன்றுகோலும், இப்போது வீல்சேர். தாம்பரம் பக்கம் வீடு, நகரத்துக்குள் அலுவலகம். பேசுவதற்கு இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பட்டியலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று மட்டும் சொல்லுங்கள். மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, நல்ல லிஃப்ட். அதைவிட்டு வெளியே வந்தால் நடைபாதையின் குறுக்கே இரும்புக் குழாய் நட்டு வைத்திருக்கிறார்கள், பைக் ஏறக்கூடாதாம். அந்தச் சந்தில் பைக் அழகாக வளைந்து புகுந்துவிடுகிறது. வீல்சேர்தான் புகமாட்டேன் என்கிறது.

மெட்ரோவை நான் குறை சொல்ல மாட்டேன். 2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் ஓடத் தொடங்கியபோதே நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. யாரையும் கூப்பிடாமல் நானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். முதலிலேயே யோசித்துக் கட்டினால் எவ்வளவு சுலபம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் மெட்ரோ என் தெருவுக்கு வருவதில்லையே.

பஸ்ஸைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூலை 6

சரி, பஸ். தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மில்லிமீட்டர் உயரம். நிறுத்தத்தில் ஒரு பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்து இறங்கும். முதல்முறை அது எனக்காகக் குனிந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது, யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். கட்டடங்களில் சாய்தளத்துக்கு 12-க்கு 1 சரிவு என்று விதி. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். பஸ்ஸில் மடித்து வைக்கும் பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால், 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையிலிருந்து ஏறவேண்டியது 250 மில்லிமீட்டர்தான். நாலுக்கு ஒன்று சரிவு. பின்னால் ஒருவர் கை கொடுத்தால் ஏறிவிடலாம். பஸ் நடுரோட்டில் நின்றால் முழு 400-உம் ஏறவேண்டும், இரண்டரைக்கு ஒன்று. அது மலையேற்றம். வீல்சேர் பின்பக்கமாகக் கவிழும்.

நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் நடைபாதையை ஒட்டி எது நிற்கிறது? ஷேர் ஆட்டோ, பைக், இளநீர் வண்டி. டிரைவர் என்ன செய்வார், நடுரோட்டில்தான் நிறுத்துவார். பல கோடி ரூபாய் கொடுத்து பஸ் வாங்கியாயிற்று, நிறுத்தத்தில் இருக்கிற பைக்கை அகற்ற ஆள் இல்லை.

அப்புறம் கண்டக்டர். பலகையை அவர்தான் கீழே இறங்கி விரிக்கவேண்டும். முகம் சுளிக்காமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒருவர் என் பக்கத்தில் வந்து, “ஏம்மா, கூட்ட நேரம் பார்த்துதான் வரணுமா?” என்றார். அலுவலகம் கூட்ட நேரத்தில்தான் திறக்கிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார்.

ஜூலை 6, மாலை

“டிக்கெட் இலவசம் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று ஒருவர். விடவில்லை. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் எங்களுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை தினமும் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப் போகிற அம்மாவுக்கு இது எத்தனை பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். என் விஷயத்தில், வெள்ளை போர்டு பஸ்களில் பெரும்பாலானவை உயரப் படிக்கட்டு வைத்தவை. என்னால் ஏறமுடியாத பஸ்ஸில் எல்லாம் அரசு என்னை இலவசமாக ஏற்றிச் செல்கிறது.

ஜூலை 9

கோர்ட் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, எல்லாப் போக்குவரத்தும் எங்களுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. பழைய வண்டிகளை மாற்றி அமைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எங்கே? தொழில்நுட்ப ரீதியில் முடிகிற இடத்தில், பாதுகாப்பாக இருந்தால், பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியானால், வடிவமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படாவிட்டால். இத்தனை “ஆல்” போட்ட பிறகு எந்தத் துறைதான் மாற்றும்?

அதனால்தான் கோர்ட். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. 2017-இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8 அன்று இன்னொன்று. அணுகல் தொடர்பாக அரசு வகுத்திருந்த விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, சட்டத்துக்கே முரணானது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவா என்று அதில் சொன்னார்கள். வழக்குப் போட்டதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 19 வருடம். குறை சொல்வது பழக்கம் என்றால் இவ்வளவு பொறுமையான பழக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சென்னையிலும் அதே கதைதான். உயரப் படி வைத்த பஸ்களையே மேலும் மேலும் வாங்கப் போனபோது மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றம் போனார். உங்கள் மனதைக் கவர்ந்த அந்தச் சாய்தளம் அப்படிப்பட்ட வழக்குகளின் பிள்ளை.

ஜூலை 12

ரயில் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மனதில் கிடந்து உறுத்துகிறது.

நம் ரயில்வேயில் உயரமான நடைமேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். பெட்டியின் தளம் சுமார் ஒன்றேகால் மீட்டர். நடுவில் ஒன்றரை அடி உயர வித்தியாசம், இரண்டு செங்குத்துப் படி, ஆள் நுழையும் அகலத்தில் ஒரு கதவு. என்னை ஏற்றுவது என்றால் ஒருவர் முதுகுப்பக்கம் கைகொடுத்து, இன்னொருவர் முழங்காலைப் பிடித்து, அரிசி மூட்டை மாதிரி உள்ளே தள்ளவேண்டும். போர்ட்டர்கள் கைதேர்ந்தவர்கள், என் தம்பிதான் ஒவ்வொரு முறையும் எங்காவது இடித்துவிடுவான். புடவை கட்டிக்கொண்டு ரயிலேறுவதை விட்டு ரொம்ப காலம் ஆகிறது.

தனிப் பெட்டி உண்டு, அகலக் கதவு, அகலக் கழிப்பறை. ஆனால் அது வண்டியின் கோடியில், கார்டு பெட்டியை ஒட்டி இருக்கும். கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடம் அது. அங்கே போய்ச் சேர்ந்தால் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். தட்டினால் ஒரு குடும்பமே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். “இது ஊனமுற்றோர் பெட்டி” என்று சொன்னால், “தெரியும் மேடம், அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவோம்” என்பார்கள்.

சலுகை தாராளம்தான். ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம், முதல், இரண்டாம் ஏசியில் 50 சதவீதம் தள்ளுபடி. உடன் வருபவருக்கும் அதே. 2020-இல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதுகூட இதை நிறுத்தவில்லை. ஆனால் கை, கால் குறைபாடு உள்ளவர் இதைப் பெற டாக்டர் என்ன எழுதித் தரவேண்டும் தெரியுமா? துணை இல்லாமல் இவரால் பயணம் செய்ய முடியாது என்று. நான் வேலைக்குத் தனியாகப் போய்வருகிறேன், வீட்டுக் கடனும் என் பெயரில்தான் ஓடுகிறது. ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் துணையில்லாமல் நகரமுடியாதவள். படியை அப்படி வைத்துவிட்டு, ஏறமுடியவில்லை என்ற சான்றிதழை மட்டும் என்னிடம் கேட்கிறார்கள்.

ஜூலை 13

“சென்ட்ரலில் எனக்குச் சிரமமே இல்லையே” என்று ஒரு வீல்சேர் நண்பர். சென்ட்ரல் முனைய நிலையம். தண்டவாளம் அங்கே முடிகிறது, வாசலிலிருந்து எந்த நடைமேடைக்கும் பாலம் ஏறாமல் போகலாம். அது தண்டவாளத்தின் கருணை. அதே வண்டி போய் நிற்கிற ஊரில் மூன்றாவது நடைமேடையில் இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? எஸ்கலேட்டர் இருக்கிறது என்று கையைக் காட்டாதீர்கள், அதில் வீல்சேர் போகாது.

ஜூலை 13, இரவு

தண்ணீர் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின நாள் இரவிலிருந்தே நான் குடிப்பதைக் குறைத்துவிடுவேன். காலையில் காபி கிடையாது. என் தோழிகள் எல்லோரும் இதேதான். நெடுஞ்சாலை மோட்டலில் பஸ் நிற்கும்போது எல்லோரும் இறங்குவார்கள், கழிப்பறை வாசலில் இரண்டு படி இருக்கும், உள்ளே தரையெல்லாம் ஈரம். நான் இறங்குவதில்லை. இதனால் சிறுநீர்த் தொற்று வந்து ஆன்டிபயாடிக் சாப்பிடாத வீல்சேர் பெண்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

ஜூலை 19

ஒரு தம்பி: “அப்போ நீங்கள் ஃபிளைட்டில் போகலாமே அக்கா, அங்கே ராஜ மரியாதை.”

மரியாதை உண்டு தம்பி. ராஜாவுக்கு நகரும் உரிமை மட்டும் கிடையாது.

செக்-இன் செய்யுமிடத்தில் என் வீல்சேரை வாங்கிக்கொண்டு அவர்களுடையதில் உட்கார வைப்பார்கள். என்னுடையதில் பெரிய சக்கரம், நானே தள்ளுவேன். அவர்களுடையதில் சின்னச் சக்கரம், யாராவது தள்ளினால்தான் நகரும். ஒரு பையன் தள்ளிக்கொண்டு போவான். கேட் பக்கத்தில் ஓர் ஓரமாக, சில சமயம் சுவரைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, “இதோ வந்துடறேன் மேடம்” என்று போவான். அதற்குப் பிறகு டீ வாங்கமுடியாது, பாத்ரூம் போகமுடியாது, கேட் மாறினால்கூட நான் அங்கேயேதான். அவனையும் திட்டமுடியாது, அதே நேரத்தில் அவன் நாலு பேரைப் பார்க்கவேண்டும்.

சொந்த வீல்சேரிலேயே விமானத்தின் கதவு வரை போகிறேன் என்று கேளுங்கள், பல இடத்தில் விடுவார்கள். முதலில் “ரூல்ஸ் இல்லை” என்பார்கள். எந்த ரூல் என்று சிரித்துக்கொண்டே கேட்கவேண்டும். கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும், எனக்கு அனுபவம்.

கதவிலிருந்து இருக்கைக்கு ஐல் சேர் என்ற, நடைவழியில் நுழையும் ஒல்லியான நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி எடுத்துப் போவார்கள். அங்கே கேள்வி எல்லாம் என் தம்பியிடம்தான். “அவங்களால நிக்க முடியுமா சார்?” அவன் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை, என் பக்கம் கையைக் காட்டுகிறான்.

ஒரு விஷயம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடைவழிப் பக்கத்துக் கைப்பிடி தூக்கமுடியாதது போலவே தெரியும். பல விமானங்களில் அதன் அடியில், முழங்கைப் பக்கம், ஒரு சின்ன பொத்தானோ நெம்புகோலோ இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போய்விடும், பக்கவாட்டில் நகர்ந்தே இருக்கையில் உட்காரலாம். இது தெரியாமல் என்னைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சில பணிப்பெண்களுக்கே நான்தான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லையே, 48 மணி நேரம் முன்பு தெரிவிக்கச் சொல்லித்தானே விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி” என்று ஒருவர். விதி இருக்கிறது. நானும் தெரிவிக்கிறேன்.

என் அத்தை இறந்தபோது 48 மணி நேரம் முன்பு யாரும் தெரிவிக்கவில்லை. ராத்திரி போன் வந்தது, என் தம்பி விடிகாலை ஃபிளைட்டைப் பிடித்தான். உதவிக்கு ஆள் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று போனில் சொன்னார்கள். நான் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு ராஜ மரியாதை வேண்டாம். உங்களைப் போல சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். இந்த இழையில் நான் எழுதியது எல்லாம் சுற்றிச் சுற்றி இதுதான் என்று இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது.

முன்கூட்டியே சொல்லிவிட்டு, டிக்கெட்டும் எடுத்து, இருக்கையிலும் உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ளவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்காகவே வேலை செய்கிறவர். 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவா போக ஏறினார், விமானத்திலிருந்து இறக்கினார்கள். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது நடந்து ஆறு வருடத்தில், 2022 மே 7 அன்று, ராஞ்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்றை ஏற்ற மறுத்தார்கள். 5 லட்சம் அபராதம். அதற்குப் பிறகுதான் விதியையே திருத்தினார்கள். பயணியின் உடல்நிலை வழியில் மோசமாகும் என்று நிறுவனம் சந்தேகப்பட்டால், விமான நிலைய டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். கவுன்டரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஜூலை 27

இழை எதிர்பாராத பக்கம் போய்விட்டது. நியூஜெர்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் அம்மாவுக்குக் கால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் தெரியாது, துபாயில் விமானம் மாறவேண்டும். அதனால் எப்போதும் வீல்சேர் போட்டுவிடுவோம். இது தப்பா?”

தப்புதான். சென்னையிலிருந்து கிளம்பும்போது நாற்பது வீல்சேர் வரிசையில் நிற்பது, அங்கே இறங்கியதும் பாதிப்பேர் எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது. வேளாங்கண்ணியில்கூட இத்தனை அற்புதம் நடக்காது. அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற, எழுந்திருக்கவே முடியாத நபர் நான்.

2024 பிப்ரவரி 12 அன்று மும்பையில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். நியூயார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதி, இருவருக்கும் வீல்சேர் பதிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை உட்காரவைத்துவிட்டு கணவர் கூடவே நடந்தார். 80 வயது. இமிகிரேஷன் பக்கத்தில் விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம் போட்டார்கள்.

ஆகஸ்ட் 3

நியூஜெர்சிக்காரருக்கு நான் சொன்னதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்? கையைப் பிடித்து, அடுத்த கேட் இது, ஃபாரத்தில் இங்கே எழுதவேண்டும் என்று சொல்ல ஒரு ஆள். அதை அவர் காசு கொடுத்தோ கொடுக்காமலோ வாங்க வேறு வழி இல்லாதபோது, இருக்கிற ஒரே கதவைத் தட்டுகிறார். அந்தக் கதவின் மேல் வீல்சேர் படம் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தில், எழுபது வயதுக்காரர் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று யார் வரைபடம் போட்டார்களோ, கோபம் அங்கே போகவேண்டும். அந்த அம்மா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மகன் மேல் கொஞ்சம் இருக்கிறது.

ஏனென்றால் ஒரு வழி இருக்கிறது. விமான நிறுவனங்கள் உதவியைக் குறியீடு போட்டுப் பிரிக்கின்றன. டபிள்யூ-சி-எச்-ஆர் என்றால் நீண்ட தூரம் மட்டும் நடக்கமுடியாது, படி ஏறுவார். டபிள்யூ-சி-எச்-எஸ் என்றால் படியும் ஏறமாட்டார், விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார். டபிள்யூ-சி-எச்-சி என்றால் இருக்கை வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும், அது நான். டிராவல் ஏஜென்ட் இதையெல்லாம் கேட்காமல் “வீல்சேர்” என்று மட்டும் போட்டுவிடுவார். மொழி தெரியாத முதியவர் என்றால், கூடவே வந்து வழிகாட்டும் சேவை உண்டா என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன.

ஆகஸ்ட் 3, பின்குறிப்பு

வேளாங்கண்ணி மாதா என்னை மன்னிக்கட்டும். ஒரு வாசகிக்கு வருத்தம்.

ஆகஸ்ட் 15

இன்று கொடியேற்றம், மிட்டாய், அப்புறம் வீட்டில் சும்மா. பாதுகாப்புச் சோதனை பற்றி எழுத நேரம் கிடைத்தது.

2021 அக்டோபரில் சுதா சந்திரன் ஒரு வீடியோ போட்டார், நினைவிருக்கிறதா? செயற்கைக் காலோடு நாடு முழுக்க ஆடியவர், ஒவ்வொரு விமான நிலையத்திலும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமரையே கேட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பிரபலமான முகத்துக்கே அந்த நிலை.

கேலிப்பர் போட்டிருந்த காலத்தில் எனக்கும் இது சகஜம். உள்ளே திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, ஷூவோடு சேர்ந்த இரும்பைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றிவிட்டால் நிற்கமுடியாது. அதை எக்ஸ்ரேயில் போட எடுத்துப் போய்விடுவார்கள், திரும்பி வரும்வரை ஸ்டூலில். வெடிமருந்துத் தடயம் பார்க்க ஒரு துணிப்பட்டையால் துடைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறதே, அது போதுமே என்று கேட்டால், “மேலிடம் சொல்லணும்.” ஒரு பெண் காவலர் மட்டும் தானே கழற்றி, தானே மாட்டிவிட்டு, வாரைக்கூட சரியான துளையில் போட்டார். அவர் தங்கைக்கும் போலியோவாம்.

ஆகஸ்ட் 24

“லண்டனில் எங்கள் பஸ்ஸெல்லாம் வீல்சேர் ஏறும். உங்கள் நாட்டில்தான் இப்படி” என்று யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே குடியேறிய ஒரு அண்ணா. பொறாமையாகத்தான் இருக்கிறது அண்ணா. ஆனால் அங்கே வீல்சேரில் போகிற டக் பாலியையும் கேளுங்கள். 2012-இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போக பஸ் ஏறினார். வீல்சேர் இடத்தில் குழந்தை வண்டியோடு ஒரு பெண். நகரமாட்டேன் என்றார், டிரைவரும் அதோடு விட்டுவிட்டார். பாலியால் அந்த பஸ்ஸில் போகமுடியவில்லை. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-இல்தான் தீர்ப்பு வந்தது, டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட முடியாது, இன்னும் கொஞ்சம் வற்புறுத்திப் பார்க்கவேண்டும் என்று. கட்டாயமாக இறக்கிவிடும் அளவுக்கு நீதிமன்றம் போகவில்லை. சாய்தளம் வந்த ஊரில் சண்டை சாய்தளத்துக்கு அப்புறமும் நடக்கிறது. அங்கே போய்ச் சேரவே எங்களுக்கு ஆசை.

ஆகஸ்ட் 25

பார்வையற்ற ஒரு நண்பர் காட்டமாக எழுதியிருக்கிறார், மாற்றுத்திறனாளி என்றால் வீல்சேர் மட்டும்தானா என்று. நான் என் கதையை எழுதினேன், உங்கள் கதையை நீங்கள் எழுதுங்கள் என்றேன். எழுதினார், சுருக்கித் தருகிறேன்.

நிறுத்தத்தில் மூன்று பஸ் ஒரே நேரத்தில் வரும். பக்கத்தில் நிற்பவரிடம் நம்பர் கேட்கவேண்டும். அவர் காதில் ஹெட்போன். கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். காலால் தொட்டு வழி அறியப் பதித்த தொடுதரைக் கற்களை நம்பிப் போனால் அது நேராக ஒரு கரன்ட் கம்பத்தில் முடியும். ஐஐடி டெல்லி ‘ஆன்போர்டு’ என்று ஒரு கருவி செய்தது, கையில் உள்ள பொத்தானை அழுத்தினால் பஸ் வாசலில் உள்ள ஸ்பீக்கர் நம்பரைச் சொல்லும். டெல்லியிலும் மும்பையிலும் சோதித்தார்கள். அது நம் பஸ்ஸில் ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி. என்னுடையதும்தான்.

காது கேளாத தோழி ஒருத்திக்கு இதற்கு நேரெதிர். கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறுவதை மைக்கில் மட்டும் சொல்வார்கள். எல்லோரும் ஓட ஆரம்பித்தால் அவளும் ஓடுவாள், ஏன் என்று தெரியாமல்.

செப்டம்பர் 7

வீல்சேர் உடைந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்கு.

சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். அதன் கண்ணுக்கு உங்கள் வீல்சேர் ஒரு பெட்டி, ஊறுகாய் பாட்டில் வைத்த சூட்கேஸ் மாதிரி. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர், இது 2024 டிசம்பர் 28 முதல். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 2025 செப்டம்பர் மதிப்பில் மொத்தம் ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். உடல் அளவுக்குச் செய்த மோட்டார் வீல்சேர் இதைவிடப் பல மடங்கு. தப்பிக்க ஒரு வழி அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 22-ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கும்போதே இதன் மதிப்பு இவ்வளவு என்று தனியாக அறிவித்துக் கொடுக்கலாம். நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்டால் கேட்கலாம். அதற்கப்புறம் அந்த மதிப்பு வரை அவர்கள் பொறுப்பு. கவுன்டரில் பலருக்கு இது தெரியாது, மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

என் வீல்சேர் ஒருமுறை கால்வைக்கும் தட்டு வளைந்து வந்தது. “பெல்ட்ல எல்லாம் இப்படித்தான் மேடம் வரும்” என்றார்கள். எங்கள் தெரு வெல்டிங் கடைக்காரர் நிமிர்த்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 8

பக்கவாதம் வந்த அப்பாவை சிங்கப்பூர் அழைத்துப் போகிற தம்பிக்கு: அவருக்கு டபிள்யூ-சி-எச்-சி போடச் சொல்லுங்கள், வெறும் வீல்சேர் என்று விடாதீர்கள். நடைவழி இருக்கை, தூக்கக்கூடிய கைப்பிடி உள்ளதா என்று பதிவின்போதே கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து மாறுகிறீர்கள் என்றால் முதல் விமானம் ஏடிஆர் என்ற சின்ன விமானமாக இருக்கலாம், அதில் கதவே படிக்கட்டு. ஏற்றிவிட என்ன ஏற்பாடு என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மோட்டார் வீல்சேர் என்றால் பேட்டரி விவரம் கையில் இருக்கட்டும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் கொள்ளளவு 300 வாட்-அவர் வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை, கழற்றி கேபினுக்குள் எடுத்துப் போகவேண்டும். ஒப்படைக்கும் முன் வீல்சேரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சேதமானால் விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும்முன் புகார் எழுதுங்கள், எப்படியும் ஏழு நாளுக்குள் எழுத்தில் போயிருக்கவேண்டும். எந்தத் தேதி கிளம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் வாட்-அவர் அளவையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.